டாய்லெட் கோப்பையில் விடாப்பிடிக் கறை: கீறல் விழாமல் எடுப்பது எப்படி?

டாய்லெட் கோப்பை பளபளப்பதற்குக் காரணம் பீங்கானின் மேல் சூளையில் உருகிப் படிந்திருக்கும் கண்ணாடி போன்ற மெருகு. அது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. கறை போகவில்லை என்று கம்பி நாரை எடுத்துத் தேய்ப்பவர்கள் பாதி நேரம் அந்த மெருகைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மெருகில் ஒரு கோடு விழுந்துவிட்டால் அழுக்கும் பாசியும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை மாதக்கணக்கில் சேர்ந்த கறை அப்புறம் வாரக்கணக்கில் சேரும்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கோ வாடகை அறைக்கோ புதிதாகக் குடிவந்து, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பழுப்பு வளையத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள். ஊரில் போர்வெல் தண்ணீரைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் "தண்ணீர் உப்பு" என்று பழியைத் தண்ணீர்மேல் போடுவார்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அந்த அளவுக்குக் கடின நீர் இல்லை. இங்கே கோப்பையில் கெட்டியாகப் படிவதில் பெரும்பங்கு சிறுநீரிலிருந்து வருவது. ஐந்தாறு பேருக்கு ஒரே குளியலறை, ஒரு முறைக்கு 4.5 லிட்டருக்கு மேல் விடாத ஃபிளஷ் தொட்டி, அதிலும் எப்போதும் பாதி ஃபிளஷ் பொத்தானையே அமுக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்தால் சில மாதங்களிலேயே வளையம் விழுந்துவிடும்.

முதலில், அது என்ன கறை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் புட்டியையும் திறக்காதீர்கள். ஒரு கறையைக் கரைக்கும் மருந்து இன்னொன்றை இன்னும் கெட்டியாக்கும்.

கையுறை போட்டுக்கொண்டு, உணவங்காடி நிலையத்தில் சாப்பாட்டோடு தரும் மரச் சாப்ஸ்டிக் ஒன்றை எடுங்கள். மரம் மெருகைவிட மென்மையானது, கீறாது. அதன் நுனியால் கறையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள்.

நுனியில் சொரசொரப்பு தட்டி, மாவு போலவோ சின்னச் செதில் போலவோ பெயர்ந்தால் அது தாதுப் படிவு. மஞ்சளிலிருந்து அடர்பழுப்பு வரை நிறம் இருக்கும். தண்ணீர் நிற்கும் கோட்டிலும், அதற்குக் கீழே வளைவுக்குள் போகும் இடத்திலும், மேல்விளிம்பின் அடியிலும் கட்டியாகப் பிடித்திருக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கோப்பையில் வாழும் பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்குகிறது. தண்ணீரில் காரம் ஏறுகிறது. காரம் ஏறியதும் கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டுகள் தண்ணீரில் கரைந்து நிற்க முடியாமல் கல்லாகப் படிகின்றன. காரத்தில் உருவான கல் என்பதால் ஆசிட்டில்தான் கரையும். சோப்புக்கோ பிளீச்சுக்கோ அது அசைந்து கொடுக்காது.

குச்சியில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது கிருமிப் படலமோ பூஞ்சையோ. கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். வீட்டுக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் ஊர் இது. இரண்டு மூன்று நாள் புழங்காத டாய்லெட்டில்கூட இது வரும்.

குச்சிக்கு எதுவுமே தட்டாமல், மெருகுக்குள்ளேயே சாயம் இறங்கியது போல ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் துரு. இது பெரும்பாலும் வளையமாக இருக்காது. மேல்விளிம்பின் ஒரே ஒரு துளையிலிருந்து கீழ்நோக்கி ஒழுகிய கோடாக இருக்கும். தொட்டிக்குள் இருக்கும் போல்ட்டோ பழைய குழாயோ துருப்பிடித்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய சாம்பல் கோடுகள். பார்த்தவுடன் "ஐயோ, கீறிவிட்டதே" என்று தோன்றும். பெரும்பாலும் அது கீறல் இல்லை. கம்பி பிரஷ்ஷோ, அடைப்பெடுக்கும் கம்பியோ உரசியபோது மெருகின்மேல் ஒட்டிய உலோகப் பூச்சு. காய்ந்தபின் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் கீறல், வழுக்கிப் போனால் உலோகம். உலோகம் என்றால் போய்விடும்.

உயிர் போகும் விஷயம் ஒன்று

ஆசிட்டும் பிளீச்சும் ஒரே கோப்பையில் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வீவக குளியலறை எவ்வளவு சின்னது என்று தெரியும். கூட்டுரிமை வீடுகள் (காண்டோ) பலவற்றில் ஜன்னலே இருக்காது, விசிறி மட்டும்தான். சிட்ரிக் ஆசிட்டும் வினிகரும் ஆசிட்தான். "இயற்கைப் பொருள்தானே" என்று பிளீச்சோடு கலந்தாலும் அதே வாயுதான்.

புட்டியின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டாய்லெட் கிளீனர்களில் ஒன்று ஆசிட், இன்னொன்று பிளீச். பின்பக்க லேபிளில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்றிருந்தால் முதல் வகை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்றிருந்தால் இரண்டாவது.

பலர் மறந்துபோவது ஃபிளஷ் தொட்டிக்குள் கிடக்கும் மாத்திரை. தண்ணீரை நீலமாக்கும் மாத்திரைகளிலும் வெள்ளை மாத்திரைகளிலும் சிலவற்றில் குளோரின் உண்டு. கோப்பையில் ஆசிட்டை ஊற்றிவிட்டு ஃபிளஷ் செய்தால், மேலிருந்து வருவது பிளீச் கலந்த தண்ணீர். வேலையைத் தொடங்கும் முன் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். மாத்திரை இருந்தால் எடுத்துவிட்டு மூன்று முறை முழு ஃபிளஷ் செய்யுங்கள்.

மூக்கைத் துளைக்கும் நெடி, கண் எரிச்சல், இருமல் வந்தால் குனிந்து ஃபிளஷ் செய்ய முயலாமல் உடனே வெளியே வாருங்கள். வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வாசலுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

வாங்க வேண்டியவை

சிட்ரிக் ஆசிட் தூள் 200 கிராம். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் சிலர் இதைத்தான் தருவார்கள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, பழைய குவளை ஒன்று, வெள்ளை டாய்லெட் தாள் ஒரு சுருள், பிளாஸ்டிக் முள் வைத்த பிரஷ். பிரஷ்ஷின் நுனியை உற்றுப் பாருங்கள். முள் தேய்ந்து, நடுவிலுள்ள முறுக்குக் கம்பி வெளியே தெரிந்தால் அது குப்பைக்கு. பெரும்பாலான கோப்பைகளின் அடிப்பகுதியைக் கெடுப்பது இந்தக் கம்பிதான்.

ஸ்டீல் நார் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள் மெருகைவிட மிகக் கடினமானது. மணல் போன்ற துகள் உள்ள தேய்க்கும் பவுடரும் அப்படியே. நுரைக்கல்லை (பியூமிஸ் கல்) பரிந்துரைப்பவர்கள் நிறையப் பேர். நனைத்துத் தேய்த்தால் கீறாது என்பார்கள். ஆனால் அதுவும் ஒருவகை எரிமலைக் கண்ணாடிதான். கடினத்தில் மெருகுக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். படிவின்மேல் தேய்க்கும்வரை பிழையில்லை. படிவு முடிந்து மெருகு தொடங்கும் இடம் தண்ணீருக்கடியில் யாருக்குத் தெரியும்? வாடகை வீடு என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரை இறக்குவதுதான் பாதி வேலை

கறை போகவில்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 17 சதவீதக் கரைசல். கோப்பையில் ஏற்கெனவே 2 லிட்டர் தண்ணீர் நின்றால் அது 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடையில் வாங்கும் வினிகரே ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதை அரை லிட்டர் ஊற்றினால் கோப்பையில் மிஞ்சுவது 1 சதவீதம். ஒரு ராத்திரி முழுக்க ஊறினாலும் அது கல்லைக் கரைக்காது. வினிகர் "வேலை செய்யவில்லை" என்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

தொட்டிக்குப் பக்கத்திலோ அடியிலோ சுவரிலிருந்து வரும் சின்ன வால்வை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். பல வருடம் திருகாத வால்வு இறுகியிருந்தால் குறடு போட்டு முறுக்காதீர்கள். உடைந்தால் வீடு முழுக்கத் தண்ணீர். அப்படியே விட்டுவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வால்வு மூடியதும் ஒருமுறை ஃபிளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு பிரஷ்ஷை வளைவின் வாய்க்குள் வைத்து, முன்னும் பின்னும் வேகமாகப் பத்துப் பதினைந்து முறை குத்துங்கள். தண்ணீர் வளைவைத் தாண்டிப் போய் மட்டம் இறங்கும். மிச்சத்தைக் குவளையால் மொண்டு ஒரு வாளியில் ஊற்றி வையுங்கள். வளைவில் தண்ணீர் இல்லாவிட்டால் கழிவுக் குழாயின் நாற்றம் மேலே வரும். வேலை முடியும்வரை கோப்பை மூடியைச் சாத்தி வைத்தால் சமாளிக்கலாம்.

ஊறவைத்தல்

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் தூளைக் கரையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கொதிநீர் ஊற்றினால் கரையும் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்ந்த பீங்கானில் கொதிநீர் பட்டால் விரிசல் விழும் அபாயம் உண்டு. அந்தச் செலவு கறையைவிடப் பெரியது.

கரைசலைக் குவளையால் கறைமேல் படும்படி சுற்றிலும் ஊற்றுங்கள். அடியில் தேங்கும் பகுதி தானாக ஊறும். சுவர்ப் பகுதியும் மேல்விளிம்பின் அடியும்தான் தொல்லை, திரவம் அங்கே நிற்காது. டாய்லெட் தாளை நான்கு மடிப்பாக மடித்து, கரைசலில் நனைத்து, கறைமேல் ஒட்டுங்கள். விளிம்பின் அடிக்கு அதையே விரல் தடிமனில் திரியாக முறுக்கிச் செருகுங்கள். காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் கரைசலைத் தெளியுங்கள், அல்லது சமையலறை பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டி மூடுங்கள். சமையலறை டிஷ்யூவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தண்ணீரில் கரையாமல் குழாயை அடைக்கும்.

மெல்லிய மஞ்சள் கறைக்கு 2 மணி நேரம். பழுப்பு வளையத்துக்கு 4 முதல் 6. கல்லாக இறுகியதற்கு ஒரு ராத்திரி. எல்லாரும் தூங்கப் போகும் நேரத்தில் போட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரே குளியலறைதான் என்றால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். கதவில் ஒரு தாள் ஒட்டுவது இன்னும் நல்லது.

காலையில் தாள்களைக் கையுறைக் கையால் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஃபிளஷ் செய்யுங்கள். மொத்தமாகப் போட்டால் 4.5 லிட்டர் தண்ணீர் அதைத் தள்ளாது. பிறகு பிரஷ். இங்கே பலம் தேவையில்லை. கறை கரைந்திருந்தால் ஈர மண் போல வழித்துக்கொண்டு வரும். விளிம்போரமாகச் செதில் நின்றால் காலாவதியான ஈசி-லிங்க் (பஸ், ரயில் கட்டண) அட்டையின் ஓரத்தைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். அசையவில்லையா? அழுத்தாதீர்கள். அடுத்த இரவு மிச்சமிருக்கும் 100 கிராமில் இன்னொரு முறை ஊறவையுங்கள். ஆறேழு வருடப் படிவு ஒரே இரவில் போகாது, அடுக்கடுக்காகத்தான் போகும்.

இரண்டு முறைக்குப் பிறகும் நின்றால்தான் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்த கிளீனர். அதற்கும் தண்ணீர் மட்டத்தை இறக்குங்கள். லேபிளில் சொன்ன நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும். ஜன்னலும் விசிறியும் திறந்திருக்கட்டும். மெருகுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுவது சுற்றியுள்ளவை: கழுவும் கைஸ்பிரேயின் உலோகக் குழாய், தரை வடிகாலின் ஸ்டீல் மூடி, தரையோடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்ட். மார்பிள் தரை என்றால் சிட்ரிக் ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் பளபளப்பு போய் வெள்ளையாகத் தழும்பு நிற்கும். கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

துருவும் உலோகக் கோடும்

துருவுக்குப் பிளீச் ஊற்றவே கூடாது. அது இரும்பை இன்னும் ஆக்சிஜனேற்றி நிறத்தை அடர்த்தியாக்கிவிடும். சிட்ரிக் ஆசிட் தாள் ஒட்டு துருவையும் எடுக்கும். பிடிவாதமானதற்கு ஆக்சாலிக் ஆசிட் கலந்த பவுடர். பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் அந்த வகை. அதிலும் மெல்லிய தேய்க்கும் துகள் உண்டு. அதனால் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, கறைமேல் தடவி, ஒரு நிமிடம் விட்டு, ஈரத் துணியால் எடையே கொடுக்காமல் வட்டமாகத் துடைத்துக் கழுவுங்கள். சாம்பல் நிற உலோகக் கோடுகளும் இதற்கே போய்விடும்.

துரு நீக்கி என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். கண்ணாடியையே கரைக்கும் ஆசிட் அது, மெருகு தப்புமா? தோலில் பட்டால் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கும் நஞ்சு வேறு. லேபிளில் அந்தப் பெயர் தென்பட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தொட்டி கசிகிறதா என்று பாருங்கள். தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் அந்தச் சாயம் இறங்கினால் அடிவால்வின் ரப்பர் தேய்ந்துவிட்டது. ரப்பரை மாற்றாமல் கோட்டைத் தேய்த்துப் பயனில்லை; தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்து ஒழுகிக்கொண்டிருக்கும்.

கறுப்புப் படலம்

இதற்குத்தான் பிளீச். ஆசிட் வேலை நடந்த அதே நாளில் வேண்டாம். நான்கைந்து முறை ஃபிளஷ் செய்து, மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் சிறுநீர் நிற்கக் கூடாது, அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தாலும் பிளீச் நச்சு வாயு தரும். ஃபிளஷ் செய்துவிட்டு அரைக் கப் பிளீச்சைச் சுற்றிலும் ஊற்றி, 20 நிமிடம் கழித்து பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

தாதுப் படிவுமேல் பிளீச் ஊற்றினால் ஒரு மாயம் நடக்கும். பழுப்பு வெளுத்து, கறை போனது போலவே தெரியும். கல் அப்படியே இருக்கும். பத்து நாளில் அதே கல்மேல் புதுச் சாயம் ஏறி வளையம் திரும்பி வந்துவிடும். வாராவாரம் பிளீச் ஊற்றியும் கறை திரும்புகிற வீடுகளில் நடப்பது இதுதான்.

சோடா உப்பும் வினிகரும் கலந்து நுரை வரவழைக்கும் வித்தை இணையமெங்கும் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். கோலா ஊற்றுவதும் அப்படித்தான். அதில் ஆசிட் கொஞ்சம் உண்டு, கல்லைக் கரைக்கும் அளவுக்கு இல்லை. சர்க்கரைக்கு எறும்பு வருவதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு

வாரம் ஒருமுறை, இரவில் கடைசியாகப் போகிறவர் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைப் போட்டுவிட்டு, காலையில் முதலில் எழுகிறவர் பிரஷ் போட்டு முழு ஃபிளஷ் செய்தால் போதும். தண்ணீரை இறக்க வேண்டாம். புதுப்படிவு கல்லாக இறுகுவதற்குள் கரைக்க இந்தக் கரைசலே தாங்கும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் கோப்பையைச் சுத்தமாகத் தேய்த்து இரண்டு முறை முழு ஃபிளஷ் செய்து, கோப்பையின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன்மேல் மூடியைச் சாத்துங்கள். தண்ணீர் ஆவியாகி இறங்க இறங்க, அது விட்டுச்செல்லும் தாது ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு கோடாகப் படியும். முழுக்க வற்றினால் குழாய் வழியாகக் கரப்பான் பூச்சியும் வரும்.

எல்லாம் செய்தும் ஓரிடம் மட்டும் மங்கலாகவே இருந்தால், அங்கே மெருகே போயிருக்கலாம். அந்த இடத்தை நன்றாகக் காயவைத்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். சாயம் முழுசாகப் போனால் மெருகு இருக்கிறது, இன்னொரு முறை ஊறவைத்துப் பார்க்கலாம். சாயம் நின்றால் மெருகு போய்விட்டது. இனி எந்த மருந்தும் பளபளப்பைத் திருப்பித் தராது. வாடகைக்குக் குடிவந்த வாரத்திலேயே இதைச் செய்து பார்த்து, தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது வைப்புத்தொகையில் பிடித்தம் என்ற பேச்சு வந்தால் கையில் ஆதாரம் இருக்கும்.

மீந்த சிட்ரிக் ஆசிட் இந்த ஊர் ஈரத்தில் ஒரே வாரத்தில் கட்டிபட்டுவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி, பெயர் எழுதி ஒட்டி, குளியலறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சமையலறையில் மட்டும் வேண்டாம். பார்க்க அச்சு அசல் சர்க்கரை போலவே இருக்கும்.